வாலிலிருந்து வாசித்த பட்டியல்

நாகேந்திரம் முப்பத்தொரு வருடம் கொழும்பில் மற்றவர்களுடைய பெயர்களை வரிசைப்படுத்திச் சம்பளம் வாங்கியவர். அரச திணைக்களமொன்றின் தரவுப் பிரிவில் கோப்புகளை ஏறுவரிசையிலும் இறங்குவரிசையிலும் அடுக்கிக் கொடுப்பது அவருடைய வேலை. அந்தப் பட்டியல்களை மேலே இருந்தவர்கள் வாசித்தார்களா என்பது அவருக்குத் தெரியாது. வாசித்திருந்தால் ஒருவராவது குறை சொல்லியிருப்பார். ஒருவரும் சொன்னதில்லை. ஆகவே வாசிக்கவில்லை என்றே அவர் முடிவு கட்டியிருந்தார். பென்சன் எடுத்த பிறகு, ஒரு சதம் வாங்காமல் செய்த ஒரேயொரு பட்டியலைத்தான் ஆயிரக்கணக்கான கண்கள் எழுத்தெழுத்தாக வாசித்தன.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் அவர் இருந்தார். ஒரு அறை, ஒரு குசினி, ரயில் போகும்போது தானாகத் திறக்கும் ஒரு யன்னல். மனைவி அன்னபாக்கியம் ஊரில், யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில். பென்சன் எடுத்தவுடன் ஊருக்குப் போய்விடுவதாக இருந்தது. யுத்தத்தால் யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்த காலத்தில் திறக்கட்டும் என்று இருந்தார். திறந்த காலத்தில், எப்படியும் மூடத்தானே போகிறார்கள் என்று இருந்தார். இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் லீவு நாட்களையெல்லாம் கூட்டினால் மூன்றரை வருடம் ஒன்றாக இருந்திருப்பார்கள். அதில் ஒரு வருடம் சண்டை பிடித்ததில் போயிருக்கும்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆடி முடிவில் அன்னபாக்கியம் கண்புரை வெட்டக் கொழும்புக்கு வந்தார். பத்து நாள் நின்றுவிட்டுப் போவதாக ஏற்பாடு. கண் வெட்டி, கறுப்புக் கண்ணாடியோடு மூன்றாம் நாள் இருந்தபோது சண்டை தொடங்கிப் பாதையை மூடிவிட்டார்கள். மகள் கௌரி ஊரில் முதற்பிள்ளைக்கு இருந்தாள். கார்த்திகை நடுவில் என்று டொக்டர் நாள் சொல்லியிருந்தார். மாப்பிள்ளை கட்டாரில். தாயும் பக்கத்தில் இல்லையென்றால் அந்தப் பிள்ளைக்கு ஆர்?

"கார்த்திகைக்கு முதல் நான் போயிட வேணும்," என்று அன்னபாக்கியம் சொன்னார். பிறகு அதையே காலையில் தேத்தண்ணியோடு ஒருமுறையும், ஆறுமணிச் செய்தி முடிந்தவுடன் ஒருமுறையும் சொல்லிவந்தார்.

அப்படி அகப்பட்டவர்கள் கொழும்பெங்கும் நிறைந்திருந்தார்கள். கலியாணத்துக்கு வந்தவர்கள், பாஸ்போட் எடுக்க வந்தவர்கள், ஒருவரை வழியனுப்ப வந்து தாங்களே வழியில்லாமல் நின்றவர்கள். இவர்களுக்காக ஒரு சங்கம் உண்டாயிற்று. அதற்கு வரதராசா என்பவர் செயலாளர். கொடுத்து வைத்த குரல் அவருக்கு, ஒலிபெருக்கி இல்லாமலே ஒலிபெருக்கி போலப் பேசுவார். கப்பல் ஒன்று விடப்போகிறார்கள், திருகோணமலையிலிருந்து காங்கேசன்துறைக்கு, யார் முதலில் போவது என்ற பட்டியலைச் சங்கம் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்கள் என்று ஒரு கதை வந்தது. பட்டியல் என்றதும் எல்லாருக்கும் நாகேந்திரத்தின் ஞாபகம் வந்தது. அவருக்கும், பாவம், ஓமென்று சொல்லிவிடுவதுதான் ஞாபகம் வந்தது.

விதி சுலபமானது. கூடுதலான நாள் காத்திருந்தவர் முதலில். பாதை மூடியபோதே அகப்பட்டவர்கள், முதல் இரண்டு கிழமைக்குள் பதிந்தால், எல்லாருக்கும் பாதை மூடிய திகதியே திகதி. நாட்கள் சமமென்றால் முதலில் பதிந்தவர் முன்னால். அப்படிச் சமமான நாட்களோடு நானூற்றுப் பதினேழு பேர் சேர்ந்தார்கள். நானூற்றுப் பதினேழாவது ஆள் அன்னபாக்கியம். முதல் நாளே பதிந்திருக்கலாம். பட்டியல் செய்பவரே தன் பெண்சாதியின் பெயரைக் கொண்டுபோய் முன்னால் வைத்தால் சனம் என்ன கதைக்கும் என்று நாகேந்திரம் பதின்மூன்று நாள் பொறுத்து, பதினாலாம் நாள் பின்னேரம், படிவப் பெட்டியை மூடப்போகும்போது போட்டார்.

"திகதியை வைச்சு அடுக்கினால் லேசு, தம்பி. பழைய திகதி மேலை வரும்," என்று அவர் வரதராசாவிடம் சொல்லிப் பார்த்தார்.

"இல்லை அண்ணை, நாள் கணக்குத்தான் வேணும். எழுபது நாள், எண்பது நாள் எண்டு பெரிய நம்பர் மேலை நிக்க வேணும். லிஸ்டைத் தூதரகங்களுக்கும் குடுக்கப்போறம், அவங்கள் பாத்தால் நெஞ்சில தட்ட வேணும்."

ஆகவே இறங்குவரிசை. பெரியதிலிருந்து சிறியதுக்கு.

சங்கத்துக்குக் கணினி கிடையாது. காலி வீதியில் பௌஸியின் தொலைபேசி நிலையத்தில், மூன்று போன் பெட்டிகளுக்கும் ஒரு போட்டோக்கொப்பி மெசினுக்கும் நடுவே இருந்த பழைய கணினியில்தான் வேலை. அதில் பைதன் என்ற மொழியை யாரோ பெடியன் போட்டுவைத்துப் போயிருந்தான். எழுதிய வரியை உடனே ஓட்டிப் பார்க்கலாம், பிழையென்றால் உடனே திட்டு வாங்கலாம் என்பதால் நாகேந்திரத்துக்கு அது பிடித்துப்போயிற்று. திணைக்களத்தில் பிழையைத் தெரிந்துகொள்ள இரண்டு நாள் செல்லும்.

முதலில் அவர் எழுதியது இளவயதில் படித்த முறை. பக்கத்துப் பக்கத்துப் பெயர்களை ஒப்பிடு. பின்னவருக்கு நாள் கூடவென்றால் இடம் மாற்று. ஒருவரும் இடம் மாறத் தேவையில்லை என்று ஆகும்வரை திரும்பத் திரும்பச் செய். ஒவ்வொரு ஒப்பிடலுக்கும் இரண்டு பேருடைய திகதியையும் புதிதாக வாசித்து நாளாக மாற்றியது. மூவாயிரம் பெயருக்கு மேல் சேர்ந்தபோது நாற்பது நிமிடம் எடுத்தது. தினமும் புதுப்பெயர் வரும். தினமும் நாற்பது நிமிடம். இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து.

"சேர், ஒங்கட லிஸ்டு அடுக்கி முடியிறதுக்குள்ள கப்பல் போய்த் திரும்பி வந்திரும்," என்றார் பௌஸி. "இன்டர்நெட்டுக்கு வந்த மூணு பேர் எந்திரிச்சுப் போயிட்டாங்க. நான் சல்லி கேக்கல்ல. மெசினத்தான் கேக்கிறன்."

"நாளைக்குத் திருத்திறன் பௌஸி."

"நாளைக்கும் இதத்தான் சொல்லப்போறீங்க."

வாடகை வாங்காத மனிதர் சொல்வதைக் கேட்காமலிருக்க முடியாது. நாகேந்திரம் இரண்டு நாள் யோசித்தார். நாட்கணக்கை ஒப்பிடும்போதெல்லாம் கணிக்க வேண்டியதில்லை; ஆளுக்கு ஒருமுறை கணித்து, அதை ஒப்பிடும் சாவியாக வைத்து, மொழியில் உள்ள அடுக்கும் கட்டளையிடமே கொடுத்துவிடலாம். கட்டளை சிறியதிலிருந்து பெரியதுக்கு அடுக்கிக் கொடுத்தது. அடுத்த வரியில் முழுவதையும் புரட்டிப்போடு என்று எழுதினார். பெரியது மேலே வந்தது. எல்லாமாக மூன்று செக்கன். பௌஸி கைதட்டி, பிளேன்ரீ ஒன்று இலவசமாகக் கொடுத்தார். நாகேந்திரம் அதைக் குடித்தபோது, முப்பத்தொரு வருடத்தில் தனக்குக் கிடைத்த முதல் பாராட்டு இதுதான் என்று நினைத்து, சீனி கூடிப்போனதைச் சொல்லாமல் விட்டார்.

ஐப்பசியில் கப்பல் உறுதியானது. முதற் பயணத்தில் நூற்றறுபது பேர். பட்டியலை அச்சடித்துச் சுவரில் ஒட்டி, மறுநாள் பத்து மணிக்குக் கப்பல் ஏஜெண்டிடம் கொடுக்க வேண்டும். அடுத்த கப்பல் எப்போதென்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்ல மாட்டார்கள். வரதராசா கதிரையில் ஏறித் தாள்களை ஒட்டிவிட்டு இறங்கினார். சனம் நெருங்கியது.

முதலாம் இலக்கம்: நாகேந்திரம் அன்னபாக்கியம், கோண்டாவில், 74 நாள்.

நாகேந்திரத்துக்கு அதை அவருடைய மனைவிதான் சொன்னார். ஒழுங்கையில் ஓட்டமும் நடையுமாக வந்திருந்தார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்து நாகேந்திரம் நாலைந்து முறைதான் பார்த்திருப்பார்.

"இஞ்சேருங்கோ, நான் முதலாவது!"

"எதில?"

"எதிலயோ? லிஸ்டில! நீங்கள்தானே செய்தனீங்கள்?"

"நான் ஒண்டும் செய்யேல்லை," என்றார் நாகேந்திரம். உண்மையைத்தான் சொன்னார். அது பொய் போலவே கேட்டது.

"சரி சரி, சொல்ல வேண்டாம். ஒருக்காவாவது பெண்சாதிக்கெண்டு ஒண்டு செய்திருக்கிறியள். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்." அவர் உடனே பிள்ளை பெற்றவளுக்குக் காய்ச்சிக் குடுக்கும் சரக்கு இடிக்கப் போய்விட்டார். உள்ளி, மிளகு வாசம் அடித்தது. நாகேந்திரம் யன்னலருகில் இருந்து கடலைப் பார்த்தார். மகிழ்ச்சி வரும் என்று சற்று நேரம் பார்த்திருந்தார். வந்தது களைப்புத்தான்.

பின்னேரம் அவர் பௌஸியின் கடைக்குப் போனபோது அங்கே ஒரு பெண் அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். கையில் சங்கம் கொடுத்த பதிவுத் துண்டு. பெயர் புளோறன்ஸ். குருநகர்க்காரி, கொட்டாஞ்சேனையில் தங்கையின் வீட்டில் நிற்பவர், இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்.

"நீங்களோ கொம்பியூட்டர் ஐயா?"

"ஓம், சொல்லுங்கோ."

"இதைப் பாருங்கோ. துண்டு நம்பர் ஒண்டு. பதிவு துவங்கின அண்டு காலமை நாலு மணிக்குச் செயலாளற்ர வீட்டுப் படலையடியில வந்து நிண்டனான், அவர் பல்லு விளக்க முதல். லிஸ்டில நான் எத்தினையாவது தெரியுமோ? நானூற்றிப் பதினேழு."

"செயலாளரைக் கேட்டனீங்களோ?"

"கேட்டனான். கொம்பியூட்டர் பிழை விடாதாம். அப்ப நான்தான் பிழையா வந்து நிண்டனானோ?"

நாகேந்திரம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஊரில ஆரும் பாத்துக்கொண்டிருக்கினமோ? சுகமில்லாத ஆக்கள், பிள்ளையள்…"

"ஒருத்தரும் இல்லை. ஒரு பூட்டின வீடு இருக்குது. எனக்கு ஒரு அவசரமும் இல்லை, ஐயா. ஆனா நான் முதல் வந்தனான்."

இதுவே அவசரமுள்ள ஒருவராக இருந்திருந்தால் நாகேந்திரத்துக்கு இரக்கப்பட்டுத் தப்பிக்க வழி கிடைத்திருக்கும். காலையிலிருந்து இருநூறு பேர் தங்கள் அவசரத்தைச் சொல்லிச் சத்தம் போட்டிருந்தார்கள்; அவர்களில் ஒருவருக்கும் பதில் சொல்ல வேண்டிய கடமை பட்டியலுக்கு இல்லை. இந்த மனுசிக்கு அவசரமில்லை. உரிமை மட்டும் இருந்தது. அதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

புளோறன்ஸ் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போனபின் அவர் கணினி முன்னால் உட்கார்ந்து ஐந்து பொய்ப் பெயர்களை அடித்தார். ஐந்து பேருக்கும் ஒரே நாட்கணக்கு. அடுக்கச் சொன்னார்: வந்த ஒழுங்கிலேயே நின்றார்கள், ஒன்று இரண்டு மூன்று நாலு ஐந்து. புரட்டச் சொன்னார்: ஐந்து நாலு மூன்று இரண்டு ஒன்று.

அவ்வளவுதான். அடுக்கும் கட்டளை நேர்மையானது, சமமானவர்களை அவர்கள் வந்த ஒழுங்கிலேயே வைத்திருந்தது. அவர் அதற்குப் பிறகு முழு அடுக்கையும் தலைகீழாக்கியதில் பெரிய நாள் மேலே வந்தது, கூடவே சமமானவர்களும் தலைகீழாகிவிட்டார்கள். நாற்பது நிமிடம் எடுத்த பழைய முறையில் இந்தப் பிழை இல்லை. அது சமமான இருவரை ஒருநாளும் அசைத்ததில்லை. சரியாகச் செய்ததற்காகத் திட்டு வாங்கியவர், பிழையாகச் செய்ததற்காகப் பிளேன்ரீ வாங்கியிருந்தார்.

எங்கே பழகிய பழக்கம் என்பதும் அவருக்குத் தெரிந்துபோயிற்று. திணைக்களத்தில் தரவைக் காந்த நாடாச் சுருள்களில் வைத்திருந்த காலத்தில் இறங்குவரிசை கேட்டால் ஏறுவரிசையில் அடுக்கி, நாடாவை வாலிலிருந்து வாசிப்பார்கள். ஒரு நாளும் பிழைத்ததில்லை. பிழைக்க முடியாது, அங்கே ஒவ்வொரு கோப்புக்கும் வேறு இலக்கம், இரண்டு கோப்புகள் சமமாக நின்றதே இல்லை. கோப்புகள் மனிதர்களைப் போல நானூற்றுப் பதினேழாக ஒரே நாளில் அகப்படுவதில்லை.

திருத்துவதற்கு அரை நிமிடம். புரட்டும் வரியை அழித்து, அடுக்கும் கட்டளைக்குள்ளேயே இறங்குவரிசை என்று சொல்லிவிட்டால் அது பெரியதை மேலே வைக்கும், சமமானவர்களைத் தொடாது. ஐந்து பொய்ப் பெயர்களும் ஒன்று இரண்டு மூன்று நாலு ஐந்து என்று நின்றார்கள். உண்மைப் பெயர்களில் அதை ஓட்டவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ஓட்டினால் புளோறன்ஸ் ஒன்று. அன்னபாக்கியம் நானூற்றுப் பதினேழு, மூன்றாவது கப்பல், கார்த்திகை போய்விடும்.

பிழையைத் தெரிந்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். இது அவரை நெருக்கியதில் பாதி. மீதிப் பாதி வேறு. இந்த எழுபத்துநாலு நாளாக அவர் மத்தியானம் ஒரு மணிக்குச் சூடான சோறு சாப்பிட்டு வந்தார். இரவில் பக்கத்தில் ஒருவர் புரண்டு படுக்கும் சத்தம் பழகியிருந்தது. கலியாணம் கட்டியபின் இருவரும் சேர்ந்தாற்போல் இவ்வளவு நாள் இருந்தது இதுதான் முதல் தடவை. அதற்குச் சண்டை தொடங்க வேண்டியிருந்தது. பட்டியலைத் திருத்தினால் அன்னபாக்கியம் போக மாட்டார். நியாயத்துக்காகத் திருத்துகிறேனா, சோற்றுக்காகத் திருத்துகிறேனா? நேர்மையாக நடக்கிற ஒரு சந்தர்ப்பம் வாழ்க்கையில் வந்தது, அதுவும் இப்படிச் சந்தேகத்துக்கு இடமாக வந்ததே என்று அவருக்கு அலுப்பாக இருந்தது.

"சேர், பூட்டப் போறன்," என்றார் பௌஸி. "செக்பொயின்ட்ல ஆமி கூடியீக்கி. நேரத்தோட போங்க."

நாகேந்திரம் ஓட்டினார். மூன்று செக்கன்.

வரதராசா வீட்டு வாசலில் வைத்தே எல்லாவற்றையும் கேட்டார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. விளங்கியபின் குரல் இறங்கிவிட்டது.

"அண்ணை, உங்கட மனுசிதானே முதலாவது?"

"ஓம்."

"பிறகென்ன பிரச்சினை?"

"அதுதான் பிரச்சினை."

"ஒட்டின லிஸ்டை மாத்தேலுமோ? நான் சனத்துக்கு என்னெண்டு சொல்லுறது?"

"கொம்பியூட்டர் பிழை விட்டதெண்டு சொல்லும்."

"கொம்பியூட்டர் பிழை விடாதெண்டு காலமை முழுக்கக் கத்தினது நான்."

"அப்ப நாகேந்திரம் பிழை விட்டதெண்டு சொல்லும்."

வரதராசா சற்று யோசித்தார். "அதை நம்புவினம்," என்றார்.

வீட்டில் அன்னபாக்கியம் இடித்த சரக்கைக் கடதாசியில் பரப்பி ஆறவிட்டிருந்தார். நாகேந்திரம் செருப்பைக் கழற்றாமலே, புளோறன்ஸ் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஏறுவரிசை, புரட்டுவது, சமமானவர்கள், நாடாச் சுருள் என்று தேவையில்லாததையெல்லாம் சொன்னார். அன்னபாக்கியம் இடைமறிக்காமல் கேட்டார். அது நாகேந்திரத்தை இன்னும் பயப்படுத்தியது.

"உங்களுக்கு மட்டும்தான் தெரியும்?"

"ஓம்."

"அந்தக் கொட்டாஞ்சேனை மனுசிக்கு ஆர் அங்கை இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லையாம். பூட்டின வீடாம்."

"பூட்டின வீடு பிள்ளை பெறப்போறேல்லை," என்றார் அன்னபாக்கியம்.

நாகேந்திரம் குனிந்து செருப்பைக் கழற்றினார்.

"இஞ்சேருங்கோ, உண்மையைச் சொல்லுங்கோ. என்னை அனுப்ப உங்களுக்கு விருப்பமில்லையோ?"

இல்லையென்று சொல்லியிருக்கலாம். ஓமென்று சொல்லியிருந்தால் ஒருவேளை அது இருபத்தெட்டு வருடத்தில் அவர் சொன்ன மிக நல்ல வசனமாக இருந்திருக்கும். "தெரியேல்லை," என்றார். உண்மை அதுதான். உண்மையைச் சொல்லி அவர் ஒருநாளும் ஒன்றையும் வென்றதில்லை.

காலையில் புதுப்பட்டியலை ஒட்டினார்கள். முதல் நாள் முதல் நூற்றறுபதுக்குள் நின்றவர்கள் அத்தனை பேரும் கீழே போயிருந்தார்கள். வரதராசா விளக்கம் சொன்னார். சனம் அதைத் தன்பாட்டில் விளங்கிக்கொண்டது.

"பெண்சாதியைத் தூக்கி முதலாவதா வைச்சவர். பிடிபட்டவுடனை மாத்திறார்."

"பென்சன்காரரை நம்பேலாது, அவையளுக்கு வேலையுமில்லை, பயமுமில்லை."

"பாத்தால் பூனை மாதிரி இருக்கிறார், என்ன?"

நாகேந்திரம் சுவரோடு நின்று எல்லாவற்றையும் கேட்டார். பிழையான பட்டியலை விட்டிருந்தால் இன்று இவர்களிடம் அவர் நல்ல மனிதர். புளோறன்ஸ் தன் பெயரைக் கண்டுபிடித்து விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு அவரிடம் வந்தார்.

"உங்கட மனுசி இப்ப எத்தினையாவது, ஐயா?"

"நானூற்றிப் பதினேழு."

புளோறன்ஸ் பதிவுத் துண்டை இரண்டாக மடித்தார். "மகளுக்குப் பிள்ளை கிடைக்கப் போகுதெண்டு கதைக்கினம்."

"ஓம்."

"எனக்குக் கவலைதான். ஆனா விட்டுத்தரமாட்டன், ஐயா. இப்ப விட்டுத்தந்தால் பிறகு ஒண்டுக்கும் வந்து நிக்கேலாது." பிறகு, "ஏதும் குடுத்துவிடுறதெண்டால் தாங்கோ. அஞ்சு கிலோவுக்குள்ள. உங்கட மகளின்ர கையிலயே குடுப்பன்," என்றார்.

பத்து மணிக்குப் பட்டியல் போயிற்று. நாகேந்திரம் வீட்டுக்குப் போகும் வழியில், என்ன வசவு காத்திருக்கிறதோ என்று எண்ணிக்கொண்டு, வழக்கத்திலும் மெல்ல நடந்தார்.

கட்டிலில் அன்னபாக்கியத்தின் சூட்கேஸ் திறந்து கிடந்தது. எழுபத்துநாலு நாளும் அவர் அதிலிருந்தே உடுப்பை எடுத்து, தோய்த்துக் காய்ந்ததும் அதற்குள்ளேயே மடித்து வைத்துவந்தார். நாளைக்கே போகப்போகிறவர் போல. இப்போது சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து நாகேந்திரத்தின் அலுமாரிக்குள், அவருடைய காற்சட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, வைத்துக்கொண்டிருந்தார். முகத்தில் கோபமா, வேறேதாவதா என்று நாகேந்திரத்தால் படிக்க முடியவில்லை. மேசையில் சரக்குத்தூள் பொலித்தீன் பையில் கட்டப்பட்டிருந்தது. மேலே ஒரு கடதாசியில் கௌரியின் பெயரும், எப்படிக் காய்ச்ச வேண்டும், எத்தனை நாள் குடுக்க வேண்டும் என்ற விபரமும், எல்லாம் அவருடைய கையெழுத்தில், முன்னும் பின்னும் இரண்டு பக்கம்.

"அந்த மனுசியிட்டைக் குடுத்துவிடுங்கோ," என்றார், திரும்பிப் பார்க்காமல். "வாசிக்கத் தெரியுமோ அவவுக்கு? தெரியாட்டி நீங்கள் வாசிச்சுக் காட்டுங்கோ."

"சரி."

"இந்த வீட்டில ஒரு ஹாங்கர் இல்லை. முப்பது வருசமா என்னதான் செய்தனீங்கள் இஞ்சை?"

"வாங்கியாறன். எத்தினை வேணும்?"

"எத்தினை நாளைக்கெண்டு சொல்லுங்கோ, எத்தினையெண்டு சொல்லுறன்."

நாகேந்திரம் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். முதலில் கொட்டாஞ்சேனைக்குப் போய் அதைக் கொடுத்தார், வாசித்தும் காட்டினார். திரும்பும் வழியில் காலி வீதியில் பிளாஸ்டிக் சாமான் கடையொன்றின் முன்னால் வெகுநேரம் நின்றார். ஒன்று வாங்கினால் கஞ்சத்தனம், நாலு வாங்கினால் போய்விடுவார் என்று நினைப்பது, நிறைய வாங்கினால் போகக்கூடாது என்று நினைப்பது. கடைக்காரர் சிங்களத்தில் எத்தனை என்று கேட்டார். ஒரு டசின் என்று சொன்னார்.